கார் ஏறினாலும் வெடிக்காத கான்கிரீட் தரை: மண் எடுப்பது முதல் தண்ணீர் கட்டுவது வரை

வீட்டு வாசலில் கார் நிறுத்த, கடைக்குள், பட்டறைக்குள், சின்ன குடோனில் என்று மண்ணுக்கு மேல் நேரடியாகப் போடுகிற கான்கிரீட் தரையைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாடிக்குப் போடும் ரூஃப் கான்கிரீட் வேறு கதை. அதில் இன்ஜினியர் கொடுத்த வரைபடம் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

தரை வெடித்துவிட்டது என்று கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி சிமெண்ட் சார் போட்டிருக்கணும்?" என்றுதான். நான் உடைத்துப் பார்த்த தரைகளில் சிமெண்ட் கம்பெனி மேல் பழி போடும்படி ஒன்றுகூட இருந்ததில்லை. அடியில் மண் இறங்கியிருக்கும், இல்லை கலவையில் கணக்கில்லாமல் தண்ணீர் போயிருக்கும், அதுவும் இல்லாவிட்டால் மறுநாள் காலையில் இரண்டு வாளி தெளித்ததோடு கியூரிங், அதாவது தண்ணீர் கட்டி ஈரமாகவே வைத்திருக்கும் வேலை, முடிந்திருக்கும். அதனால் இந்த மூன்றிலும் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கணக்குச் சொல்ல வசதியாக 20 அடி அகலம், தெருவிலிருந்து உள்ளே 30 அடி நீளம் உள்ள ஒரு இடத்தை வைத்துக்கொள்வோம். தெருவை ஒட்டி 20 அடி கார் நிற்க, அதற்குப் பின்னால் 10 அடி கடை.

1. முதல் கடப்பாறை விழும் முன்

குழாய் வேலையை முதலில் முடியுங்கள். செப்டிக் டேங்குக்குப் போவது, மழைநீர்க் குழாய், கடைக்கு வரும் மின்சார கேபிள், தண்ணீர் லைன் எல்லாம் இந்தத் தரைக்கு அடியில்தான் ஓடும். கூடவே ஒரு 4 இன்ச் வெறும் குழாயை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போட்டு இரண்டு வாயையும் மூடி வையுங்கள். இன்றைக்கு அதற்கு வேலை இருக்காது. ஆனால் புதுத் தரை போட்டு மூன்று மாதத்தில் ஏதோ ஒரு லைன் இழுக்க நடுவில் வெட்டி ஒட்டுப் போட்ட வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன், ஒட்டுப் போட்ட இடம் எப்போதும் ஒட்டுப் போட்ட இடமாகத்தான் தெரியும்.

அடுத்தது மட்டம். நம் ஊர்களில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுவிட்டுப் போவது சகஜம், ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிவிடுகிறது. அதனால் தெருவோரத்திலேயே தரை ரோட்டைவிட ஒரு சாண் உயரமாக வரும்படி மட்டத்தை முடிவு செய்து, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்துச் சுவரில் சுற்றிலும் கோடு போட்டுவிடுங்கள். இனி எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கித்தான்.

2. எத்தனை இன்ச், எத்தனை மூட்டை

ஆள் நடக்கிற இடத்துக்கு 4 இன்ச் போதும். கார் ஏறினால் 5 இன்ச். லோடு வண்டி வந்து திரும்பும் இடம், குடோன் என்றால் 6 இன்ச்சிலிருந்து ஆரம்பியுங்கள். "நாலு இன்ச் போட்டுட்டுக் கம்பியை நெருக்கிக் கட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தரைக் கான்கிரீட்டில் பாரம் தாங்குவது பெரும்பாலும் கனமும் அடி மண்ணும்தான்.

நம் இடத்துக்கு 5 இன்ச் கனத்தில் கணக்குப் போட்டால் 250 கன அடி வரும், அதாவது இரண்டரை யூனிட், 7 கியூபிக் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1:1½:3 கலவைக்கு (எம்20 என்று சொல்வது இதைத்தான்) சிமெண்ட் 57 மூட்டை பிடிக்கும், 60 இறக்குங்கள். எம் சாண்ட் சுமார் 105 கன அடி, முக்கால் ஜல்லி எனப்படும் 20 மி.மீ. ஜல்லி சுமார் 210 கன அடி. லாரி அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பதால் சாண்ட் ஒன்றேகால் யூனிட், ஜல்லி இரண்டரை யூனிட் சொல்லிவிடுவது நல்லது. பாதி வேலையில் ஜல்லி தீர்ந்து லாரிக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்கும் நிலைமை வரக்கூடாது. எம் சாண்ட் கேட்கும்போது கான்கிரீட்டுக்கு என்று சொல்லிக் கேளுங்கள், பூச்சு வேலைக்கு வரும் பி சாண்ட் இதற்கு ஆகாது.

3. மண்: வேலையில் பாதி இங்கேதான்

மேல் மண்ணை, வேர், குப்பை, கறுப்பு மண் எல்லாம் போய் கெட்டியான நிலம் தெரியும்வரை எடுங்கள். அரை அடியிலும் முடியலாம், ஒன்றரை அடியும் போகலாம். வேர் மட்கினால் அந்த இடம் பொந்து, அதற்கு மேல் நிற்பது கான்கிரீட்டாக இருந்தாலும் ஒருநாள் உட்காரும்.

கரிசல் பூமியில் இருக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விருதுநகர், கோவில்பட்டி பக்கம் நிலத்தைக் கோடையில் பார்த்தால் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும், ஐப்பசி மழைக்கு அதே மண் உப்பி எழும். அதன் மேல் நேராகத் தரை போட்டால் வருடத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கும் ஒரு மேடைதான் உங்களுக்குக் கிடைக்கும். அங்கே குறைந்தது இரண்டு அடி, முடிந்தால் மூன்று அடி கரிசலை எடுத்துவிட்டுச் செம்மண் கிராவல் நிரப்ப வேண்டும். செலவுதான். ஆனால் இதைச் சேமிக்க வழியில்லை.

நிரப்பும்போது நான் அடிக்கடி பார்க்கிற தவறு இது: டிப்பரில் வந்த கிராவலை இரண்டு அடி உயரத்துக்கு ஒரே நாளில் தள்ளி, மேலே ஹோஸைத் திறந்துவிட்டு, "ரெண்டு நாள் தண்ணி நின்னா தானா இறங்கிடும்" என்பது. ஆற்று மணல் போட்ட காலத்தில் இது ஓரளவு நடந்தது. களி கலந்த கிராவலில் தண்ணீர் மேலேயே சேறாகும், அடியில் அப்படியே பொக்கென்று இருக்கும். அரை அடிக்கு மேல் ஒரு படுகை வேண்டாம். போடுங்கள், பரத்துங்கள், ஈரப்படுத்துங்கள், பிளேட் காம்பாக்டர் (மண்ணை அதிர்ந்து இடிக்கும் மெஷின்) வாடகைக்கு எடுத்து நாலைந்து சுற்று ஓட்டுங்கள், அப்புறம் அடுத்த படுகை. மெஷின் நுழையாத மூலையிலும் சுவரோரத்திலும் திமிசுக் கட்டையால் இடியுங்கள். சுவரை ஒட்டி அஸ்திவாரக் குழி மூடிய இடம்தான் எப்போதும் முதலில் இறங்கும், அதனால் அங்கே இன்னும் நாலு இடி கூடப் போடுங்கள்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து உருண்டையாக்கி இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரி. பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது, அப்பிக்கொண்டால் அதிகம். இடித்து முடித்ததும் ஒரு 12 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள், இரண்டு மூன்று இன்ச்சுக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த இடத்துக்கு இன்னொரு சுற்று வேண்டும். வீடு இடித்த ரப்பிஷைப் போட்டு நிரப்பலாமா என்று கேட்பார்கள். பெரிய கட்டிகளுக்கு நடுவில் பொந்து நிற்கும், வேண்டாம்.

என் கைக்காசைப் பிடுங்கிய வேலை ஒன்று உண்டு. ஒரு பைக் பட்டறை, ஆரம்ப காலத்தில் எடுத்தது. மண் நிரப்பும் இரண்டு நாளும் நான் வேறு சைட்டில் இருந்தேன், போனில் கேட்டேன், "இடிச்சாச்சுண்ணே" என்றார்கள். ஒரு மழைக்காலம் கழிந்ததும் ஏர் கம்ப்ரசர் நின்ற மூலை ஒரு இன்ச் இறங்கி, தரை அங்கிருந்து கோணலாக வெடித்திருந்தது. உடைத்தபோது கான்கிரீட் கல் மாதிரி இருந்தது, அதற்கும் மண்ணுக்கும் நடுவே என் நாலு விரல் போனது. அன்றிலிருந்து மண் இடிக்கும் நாளில் நான் சைட்டில்தான் இருப்பேன், கான்கிரீட் நாளன்றுகூடக் கொஞ்சம் தாமதமாகப் போவேன்.

4. ஜல்லிப் படுகை, கரையான் மருந்து, பாலித்தீன்

இடித்த மண்ணுக்கு மேல் 4 இன்ச் வெட் மிக்ஸ் (ஜல்லியும் டஸ்ட்டும் தண்ணீரோடு கலந்தே வருவது), கிடைக்காவிட்டால் 40 மி.மீ. ஜல்லியோடு கிரஷர் டஸ்ட் கலந்து பரத்தி, நனைத்து, காம்பாக்டர் ஓட்டுங்கள். சக்கரத்தின் பாரத்தை மண்ணில் பரவலாக இறக்குவது இந்தப் படுகை.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, இந்தப் படுகையிலேயே வந்துவிட வேண்டும். அடிப்பக்கத்தைத் தட்டையாக விட்டுவிட்டுக் கான்கிரீட்டில் வாட்டம் கொடுத்தால், கடைப் பக்கம் 5 இன்ச் இருக்கிற தரை கேட்டுப் பக்கம் வரும்போது இரண்டரை இன்ச் ஆகிவிடும். கார் ஏறுகிற இடம் அதுதான். கேட்டோரத்தில் ஒரு அடி அகலத்துக்கு இன்னும் 3 இன்ச் ஆழமாக வெட்டி, ஓரத்தை 8 இன்ச் கனமாக்குவதுதான் என் வழக்கம்.

கரையான் மருந்து அடிப்பதாக இருந்தால் இந்தக் கட்டத்தில், பாலித்தீன் விரிக்கும் முன். கடைக்குள் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட் கட்டாயம், அடி ஈரம் ஏறினால் மேலே ஒட்டும் டைல்ஸும் அடுக்கும் சரக்கும் கெடும். இணைப்பில் ஒரு அடி ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கட்டும். வெளியே கார் நிற்கும் பகுதியில் ஷீட் இல்லாமலும் போடலாம், ஆனால் கான்கிரீட் கொட்டும் முன் படுகையை நன்றாக நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த ஜல்லி கலவையிலிருக்கும் தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சிவிடும். நனைக்க வேண்டும் என்றால் குளம் கட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை, எங்கேயும் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது.

5. ஓரப் பலகையும் வாட்டமும்

வெளித் தரைக்கு அடிக்கு ஒரு நூல் வாட்டம் கொடுங்கள். நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, ஆக 20 அடிக்கு 20 நூல், அதாவது இரண்டரை இன்ச். இதற்குக் குறைந்தால் மழை நின்றபின் தண்ணீர் ஆங்காங்கே நிற்கும். கடைக்குள் மட்டமாகவே இருக்கட்டும்.

ஓரப் பலகைக்கு வெளியே இரண்டு அடிக்கு ஒரு முளை அடியுங்கள், ஈரக் கான்கிரீட் பலகையைத் தள்ளும் வேகம் புதியவர்களுக்குத் தெரியாது. சுவரும் தூணும் தரையைத் தொடும் இடமெல்லாம் 12 மி.மீ. தெர்மாகோல் பட்டை வையுங்கள். வெயிலில் விரியும் தரைக்கு நகர இடம் வேண்டும், தூணும் தரையும் தனித்தனியாக இறங்கவும் வேண்டும். தூணைச் சுற்றி வைக்கும்போது பட்டைச் சதுரத்தை 45 பாகை திருப்பி, மூலைகள் வெட்டுக் கோட்டை (தரை வெடிக்க நாமே கீறிவிடும் கோடு, 10-ஆம் பகுதியில் வரும்) பார்க்கும்படி வைத்தால் தூண் மூலையிலிருந்து கிளம்பும் வெடிப்பு வராது.

6. கம்பி

8 மி.மீ. கம்பி, இரண்டு பக்கமும் 8 இன்ச்சுக்கு ஒன்று. நம் இடத்துக்கு ஒட்டு உட்பட சுமார் 240 கிலோ. வெடிப்பு வராமல் தடுப்பது கம்பியின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். வந்த வெடிப்பு மயிரிழையைத் தாண்டி வாய் பிளக்காமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அதைச் செய்ய அது தரையின் மேல் பாதியில், மேற்பரப்பிலிருந்து இரண்டு இன்ச் கீழே இருக்க வேண்டும்.

நடப்பது வேறு. கம்பியைக் கட்டித் தரையில் படுக்கப் போட்டுவிட்டு, "கான்கிரீட் கொட்டும்போது கொக்கி போட்டுத் தூக்கி விட்டுக்கலாம்" என்பார்கள். தூக்கின கையை எடுத்ததும் அடுத்த ஆள் அதே கம்பி மேல் பூட்ஸோடு ஏறுவார், கம்பி திரும்பவும் அடிக்குப் போகும். இரண்டரை இன்ச் உயரத்தில் சேர் (கம்பியைத் தாங்கி நிற்கும் கம்பிக் கால்) வளைத்து மூன்று அடிக்கு ஒன்று வைத்து, கட்டுக் கம்பியால் கட்டிவிடுங்கள். ஆள் ஏறி நின்றாலும் வளையக் கூடாது, அதுதான் சோதனை. வெட்டு வரப்போகும் கோட்டில் கம்பியை ஒன்று விட்டு ஒன்று நறுக்கிவிடுங்கள், எல்லாம் முழுசாக ஓடினால் அந்த வெட்டு போட்டும் பயனில்லை.

7. கலவை, அதாவது தண்ணீர்

அளவுப் பெட்டி இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். உள் அளவு 40 செ.மீ. நீளம், 35 அகலம், 25 உயரம், இதில் 35 லிட்டர் பிடிக்கும், அது கிட்டத்தட்ட ஒரு சிமெண்ட் மூட்டையின் கொள்ளளவு. மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி எம் சாண்ட், மூன்று பெட்டி ஜல்லி. சட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், காலையில் கூம்பாக வரும் சட்டி மத்தியானம் தட்டையாக வரும்.

தண்ணீர் மூட்டைக்கு 30 லிட்டர் உச்சம். ஐஎஸ் 456 என்ற இந்திய கான்கிரீட் விதிநூல் எம்20 கைக்கணக்குக் கலவைக்கு வைத்திருக்கும் வரம்பு இது. 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் ஒன்றரை வாளி. சாண்ட் மழையில் நனைந்து வந்திருந்தால் அதற்குள்ளேயே தண்ணீர் இருக்கும், ஒன்றேகால் வாளியில் நிறுத்திப் பாருங்கள்.

இதைச் சொல்வது சுலபம். மெஷின் பக்கத்தில் நின்றால்தான் தெரியும். பதினோரு மணி வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். அப்புறம் கை வலிக்க ஆரம்பிக்கும், கொட்டிய கலவை இழுத்தால் வராது, பரத்துகிறவர் குரல் கொடுப்பார்: "அண்ணே, இறுக்கமா வருது, கொஞ்சம் தண்ணி காட்டுங்க." மெஷின்காரர் அரை வாளி கூட விடுவார். அடுத்த கலவை அதைவிட இளகலாகப் போகும். சாயங்காலம் பார்த்தால் தரையின் ஒரு பாதி வேறு தரம், இன்னொரு பாதி வேறு. கூடுதலாகப் போன தண்ணீர் ஆவியாகி வெளியேறிய இடமெல்லாம் நுண்ணிய துளையாக நிற்கும். வலுவும் குறையும், சுருங்கி வெடிப்பதும் கூடும். ஆட்களைத் திட்டிப் பிரயோசனமில்லை, ஐந்து பேர் செய்யும் வேலையை மூன்று பேரிடம் கொடுத்தால் அவர்களுக்குத் தண்ணீர்தான் துணை. பரத்த ஒரு ஆள் கூடப் போடுங்கள். கலவை இளகலாக வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் வாங்கி டப்பாவில் போட்டிருக்கும் அளவில் விடுங்கள், அது தண்ணீர் கூட்டாமலேயே இளக்கிக் கொடுக்கும்.

மெஷினில் எல்லாம் விழுந்தபின் இரண்டு நிமிடமாவது சுற்ற வேண்டும். கடலோர ஊர்களில் உப்புத் தண்ணீர் போரைக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள், சில வருடத்தில் கம்பி துருப்பிடித்து ஊதும், தரையைத் தூக்கும்.

ரெடிமிக்ஸ் வாங்கினால் நம் இடத்துக்கு 7.5 கியூபிக் மீட்டர் சொல்லுங்கள். லாரி பெரும்பாலும் 6 கியூபிக் மீட்டர்தான் கொண்டுவரும், ஆக இரண்டு லோடு, இரண்டுக்கும் நடுவே அரை மணிக்கு மேல் இடைவெளி விழாமல் பேசிக்கொள்ளுங்கள். சீட்டில் கலந்த நேரம் போட்டிருக்கும், அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும். டிரைவர் தன் டேங்கிலிருந்து தண்ணீர் விட்டு இளக்கித் தருகிறேன் என்றால், அன்பாக மறுத்துவிடுங்கள்.

8. கொட்டும் நாள்

காலை ஆறு மணிக்கு முதல் கலவை விழட்டும். கத்திரி வெயிலில் பத்து மணிக்கு மேல் கொட்டுவது தரைக்கும் நல்லதல்ல, ஆட்களுக்கும் நல்லதல்ல. வெயிலைவிட மோசம் ஆடிக் காற்று. வானம் மேகமாக இருக்கும், "இன்னிக்கு வெயிலே இல்லை" என்று சந்தோஷமாகப் போடுவோம், காற்று மேல் ஈரத்தை வாரிக்கொண்டு போய், இரண்டு மணி நேரத்தில் கோழிக்கால் மாதிரி வெடிப்புகள் ஓடும். காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டி மறையுங்கள், மட்டம் இழுத்த பகுதியை உடனே பாலித்தீனால் மூடிக்கொண்டே போங்கள்.

கடைச் சுவரோரத்தில் ஆரம்பித்து கேட்டை நோக்கி வாருங்கள். ஒரே இடத்தில் மலையாகக் கொட்டி மண்வெட்டியால் பத்தடி இழுக்காதீர்கள், ஜல்லி பின்தங்கி வெறும் சாந்துதான் முன்னால் போகும். வைப்ரேட்டர் ஊசியை ஒன்றரை அடிக்கு ஒரு இடத்தில் வைத்து, குமிழி நின்றதும் மெதுவாக எடுங்கள், ஐந்தாறு விநாடி போதும். வைப்ரேட்டரால் கலவையைத் தள்ளிக்கொண்டு போவதும் மேலே சொன்ன அதே தவறுதான். பலகையோரத்தில் மட்டும் விடாமல் வையுங்கள், பலகை பிரித்தபின் தேன்கூடு மாதிரித் தெரிவது எப்போதும் அங்கேதான்.

மழை, மெஷின் ரிப்பேர் என்று நிறுத்த வேண்டி வந்தால் கை நின்ற இடத்தில் நிறுத்தாதீர்கள். வெட்டு வரவிருக்கும் கோடு வரை கொண்டுவந்து, பலகை வைத்து நேராக முடித்துவிடுங்கள்.

9. மட்டமும் தேய்ப்பும்

அலுமினிய மட்டக்கட்டையை இரண்டு பேர் பிடித்து, அறுப்பது போல முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இழுக்க வேண்டும். அப்புறம் மணியாசுக் கட்டையால் (தேய்க்கும் மரப்பலகை) ஒரு சுற்று. பிறகு எல்லோரும் டீ குடிக்கப் போகலாம், உண்மையாகவே சொல்கிறேன். கொஞ்ச நேரத்தில் மேலே மெல்லிசாகத் தண்ணீர் கசிந்து மினுமினுக்கும். அது மறையும்வரை கரணை படக்கூடாது. தண்ணீர் நிற்கும்போது தேய்த்தால் அதை உள்ளேயே அழுத்திவிடுகிறோம், மேல் தோல் பலவீனமாகிவிடும்.

அந்தத் தண்ணீரைக் காயவைக்க நம் கொத்தனார்கள் கையாளும் வழி சிமெண்ட் தூள் தூவித் தேய்ப்பது. கண்ணாடி மாதிரி பளபளக்கும், வீட்டுக்காரருக்கும் பிடிக்கும். நானும் ஒரு பலசரக்குக் கடைக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்து நல்ல பேர் வாங்கினேன். ஆறு மாதத்தில் ஷட்டர் வாசலில் அரிசி மூட்டை இழுக்கும் வழியெல்லாம் அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தது, பெருக்கப் பெருக்கப் பவுடர். அந்த நல்ல பேரும் அதோடு போயிற்று. தூள் வேண்டாம், பிரஷ்ஷில் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பதும் வேண்டாம், காத்திருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் இரண்டு நூலுக்குள் பதிந்து நிற்கும், அப்போது கரணை போடுங்கள்.

கடைக்குள் வழுவழுப்பாக முடிக்கலாம். கார் பகுதியில் கரணை போட்டதும் ஈர்க்குமாற்றால் வாட்டத்துக்குக் குறுக்காக ஒரே இழுப்பாகக் கோடு இழுங்கள், மழையில் சக்கரமும் காலும் வழுக்காது. புதுசாகப் பழகுபவர் நடுவில் நிறுத்தி நிறுத்தி இழுப்பார், அந்தத் தழும்பு கடைசிவரை தெரியும்.

10. வெட்டு

கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் எங்கேயாவது வெடிக்கும். எங்கே என்பதை நாம் முடிவு செய்யலாம், அவ்வளவுதான். 5 இன்ச் தரைக்கு 10 முதல் 12 அடிக்கு ஒரு வெட்டு. நம் இடம் அழகாக ஆறு 10 அடிச் சதுரமாகப் பிரியும்: நீளவாக்கில் நடுவே ஒன்று, குறுக்காக இரண்டு, மொத்தம் 70 அடி. குறுக்கு வெட்டில் ஒன்று ஷட்டர் விழும் கோட்டிலேயே வரும்படிதான் கடைக்கு 10 அடி வைத்தோம். ஆழம் கனத்தில் கால் பங்கு, ஒன்றேகால் இன்ச். அரை இன்ச் கீறிவிட்டுப் போகும் கட்டிங்காரர்கள் இருக்கிறார்கள், ஸ்கேல் விட்டுப் பாருங்கள்.

நேரம்தான் முக்கியம். ஆள் நடந்தால் தடம் விழாமல், பிளேடு போட்டால் ஓரத்தில் ஜல்லி பிய்யாமல் இருக்கும் முதல் கணத்தில் வெட்ட வேண்டும். காலையில் போட்ட தரைக்கு வெயில் காலத்தில் அன்று ராத்திரியே, மற்ற நாளில் மறுநாள் விடியற்காலை. "ஞாயித்துக்கிழமை முடிஞ்சு திங்கக்கிழமை வர்றேன்" என்றால் தரை அவருக்காகக் காத்திருக்காது. கட்டர் கிடைக்காத ஊரில் சதுரங்கக் கட்டம் மாதிரி ஒன்று விட்டு ஒரு கட்டம் போட்டு, அடுத்த நாள் மீதியைப் போடுங்கள், இணைப்புகளே வெட்டாகிவிடும்.

11. தண்ணீர் கட்டுவது

தேய்ப்பு முடிந்து, தடம் விழாத பதம் வந்ததும் பாலித்தீனால் மூடுங்கள். மறுநாள் காலை பாத்தி. வாட்டமான தரையில் ஓரத்தில் மட்டும் பாத்தி கட்டினால் தண்ணீரெல்லாம் கேட்டுப் பக்கம் ஓடிவிடும், மேல் பாதி காய்ந்து கிடக்கும். மூன்று நான்கு அடிக்கு ஒரு குறுக்கு வரப்பு போட்டு வயல் மாதிரி தட்டுத் தட்டாகக் கட்டுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு இன்ச் நின்றால் போதும். அது முடியாவிட்டால் ஈரச் சாக்கு விரித்து அதன் மேல் பாலித்தீன்.

இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட். இதற்கு விதிநூல் குறைந்தது 10 நாள் கேட்கிறது, வறண்ட வெயிலில் 14 நாள். நடுவில் ஒரு நாள் காயவிட்டு மறுபடி நனைப்பதில் பெரிய பலன் இல்லை. முதல் மூன்று நாள் போனால் போனதுதான். காலையும் மாலையும் ஹோஸ் பிடிப்பது மட்டும் கியூரிங் ஆகாது, மே மாதத்தில் அரை மணியில் காய்ந்துவிடும். இதை கான்ட்ராக்டர் பொறுப்பில் விடாமல் வீட்டுக்காரரே பார்த்துக்கொள்வது நல்லது. அவர் ஆட்கள் அதற்குள் அடுத்த சைட்டுக்குப் போயிருப்பார்கள்.

12. குடோன், பட்டறை என்றால் கூடுதலாக

6 இன்ச், எம்25 அல்லது எம்30. கலவையிலிருக்கும் உபரித் தண்ணீரை வாக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சி, பவர் டிராவல் (தேய்க்கும் கரணை மெஷின்) ஓட்டும் டிரிமிக்ஸ் முறையில் போட்டால் தேய்மானம் குறையும். ஒரு நாள் போட்டதும் மறுநாள் போடுவதும் சேரும் இணைப்பில் 20 மி.மீ. வழவழ உருட்டுக் கம்பியை ஒரு அடிக்கு ஒன்று, ஒன்றரை அடி நீளத்தில், ஒரு பாதிக்கு மட்டும் கிரீஸ் தடவி வையுங்கள். பாரம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும், ஆனால் சுருங்கும்போது இழுத்துப் பிடிக்காது. உயரமான ரேக் கால் நிற்கும் இடம் இருந்தால் கனத்தை நீங்களே முடிவு செய்யாமல் இன்ஜினியரிடம் போங்கள்.

13. எப்போது ஏற்றலாம்

மறுநாள் ஆள் நடக்கலாம். பைக் ஏழு நாள் கழித்து, கார் இரண்டு வாரம், லோடு வண்டியும் சரக்கு அடுக்குவதும் 28 நாள். ஏழாம் நாளில் வலுவில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். மீதி வீட்டு வேலைக்கு ஜல்லி லாரி வருவது பாக்கி இருந்தால், தரை போடும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

வெட்டுகளை உடனே அடைக்காதீர்கள், தரை இன்னும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒரு மாதம் கழித்து, முடிந்தால் இரண்டு மாதம் கழித்து, தூசியை ஊதி எடுத்து, நுரைக் கயிறு திணித்து, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். சிமெண்ட் பால் ஊற்றி அடைத்தால் முதல் கோடையிலேயே பெயரும். மழைக்காலத்துக்கு முன் இந்த வேலை முடிந்துவிட்டால் அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் மண்ணுக்கு இறங்காது.